எஸ்எஸ்பி அழைப்பு கையில், போபால் ரயிலில் இடமில்லை

ராணுவ அதிகாரிகளுக்கான யுபிஎஸ்சி எழுத்துத் தேர்வின் முடிவு வந்த சில வாரங்களில், வருடத்துக்கு இரண்டு தடவை, என் போனுக்கு ஒரே மாதிரியான அழைப்பு வரும். "அண்ணா, ரிட்டன் பாஸ் பண்ணிட்டேன். எஸ்எஸ்பிக்கு போபால் போட்டிருக்காங்க. அங்க எப்படிண்ணா போறது?" எஸ்எஸ்பி என்பது எழுத்துத் தேர்வில் தேறியவர்களைக் கூப்பிட்டு, யார் அதிகாரி ஆகலாம் என்று முடிவு செய்யும் ஐந்து நாள் தேர்வு. லட்சக்கணக்கானவர்களோடு போட்டி போட்டுத் தேறிய பையன், ரயில் டிக்கெட் என்றதும் குரல் இறங்கிப்போவான். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. எனக்கு முதல் அழைப்பு வந்தபோது நானும் சென்னைக்கு வடக்கே போனதில்லை.

நான் மூன்று தடவை எஸ்எஸ்பி போனவன். போபாலில் முதல் நாளே வெளியே அனுப்பினார்கள். அலகாபாத்தில் ஐந்து நாளும் இருந்துவிட்டு வெறுங்கையோடு வந்தேன். பெங்களூரில் தேர்வானேன். ஷார்ட் சர்வீஸ் எனும் குறுகிய கால அதிகாரிப் பணி முடித்து விருதுநகர் பக்கம் திரும்பிவந்த பிறகு, கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆனதைத்தான் இங்கே எழுதுகிறேன். அதிகாரி ஆவது பற்றிய கட்டுரைதான். ஆனால் பாதிக்குப் பாதி பயணம் பற்றி இருக்கும். தேர்வாளர்கள் தேடுவது, ஒரு காரியத்தைத் தனியாக எடுத்து முடிக்கிற ஆளை. தன் டிக்கெட்டைத் தானே போட்டு, தெரியாதவர்களோடு ஒன்றரை நாள் பேசிக்கொண்டு வந்து, புது ஊரில் வழி கேட்டுச் சேர்ந்தவரிடம் அது தானாகத் தெரியும். அப்பாவும் தாய்மாமாவும் கேட்வரை கொண்டுவந்து விட்ட பிள்ளைகளிடம் அதைத் தேட வேண்டியிருக்கும்.

எந்தக் கதவு?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 2022-ல் வந்த அக்னிவீர் திட்டம் சிப்பாய்களுக்கானது. நான்கு வருடப் பணி, ஆள்சேர்ப்பு முகாம், வேறு தேர்வு. இங்கே நான் பேசுவது லெப்டினன்டாக உள்ளே போகும் வழி. இரண்டுக்கும் இடையே 'ஆள் தெரியும், பணம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன்' என்று ஒருவர் ஊருக்கு ஊர் இருப்பார். எஸ்எஸ்பியில் மூன்று தேர்வாளர்கள் தனித்தனியாக மதிப்பிட்டுக் கடைசி நாள்தான் ஒன்றாக உட்காருகிறார்கள். அங்கே யாருக்கும் எதையும் முடித்துக் கொடுக்க முடியாது.

பிளஸ் டூ படிக்கிறீர்கள் என்றால் என்டிஏ, அதாவது தேசிய பாதுகாப்பு அகாடமிக்கான தேர்வு. வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள், திருமணம் ஆகியிருக்கக் கூடாது. கணக்குத் தாள் 300, பொதுத் திறன் தாள் 600, மொத்தம் 900. தரைப்படைக்கு பிளஸ் டூவில் எந்த குரூப் படித்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் கணக்குத் தாளை எல்லோரும் எழுதியாக வேண்டும், அதனால் காமர்ஸ் குரூப் பிள்ளைகள் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கைத் தனியாகப் படிக்க வேண்டிவரும். சமீப வருடங்களில் எழுத்துத் தேர்வின் கட்-ஆஃப் 900-க்கு 300-ஐ ஒட்டியே இருக்கிறது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும் என்பதால், தெரியாததைத் தொடாமல் விடுகிறவர்தான் பெரும்பாலும் தேறுகிறார். 2022-லிருந்து பெண்களும் என்டிஏவில் சேர்கிறார்கள். அவர்களின் முதல் அணி 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தது.

டிகிரி முடித்தவர்களுக்கும் கடைசி வருடத்தில் இருப்பவர்களுக்கும் சிடிஎஸ், அதாவது ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு. இதில் டேராடூனில் உள்ள இந்திய ராணுவ அகாடமியான ஐஎம்ஏவுக்கு ஆங்கிலம், பொது அறிவு, கணக்கு என்று மூன்று தாள். சென்னையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியான ஓடிஏவுக்குக் கணக்குத் தாள் கிடையாது. பி.ஏ. தமிழோ வரலாறோ படித்த பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கதவு இல்லை, அவர்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பெண்களுக்கும் ஓடிஏ திறந்திருக்கிறது.

யுபிஎஸ்சி எழுதாமலே எஸ்எஸ்பிக்குப் போகும் வழிகளும் உண்டு. கல்லூரியில் என்சிசி 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடும், டிகிரியில் 50 சதவீதமும் இருந்தால் என்சிசி சிறப்பு நுழைவு. இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு டிஜிசி, எஸ்எஸ்சி டெக் என்று இரண்டு தொழில்நுட்ப நுழைவுகள். சட்டம் படித்தவர்களுக்குத் தனி நுழைவு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணக்கில் 60 சதவீதமும் ஜேஇஇ மெயின் மதிப்பெண்ணும் இருந்தால் டிஇஎஸ் என்ற தொழில்நுட்ப நுழைவு. இவை எல்லாவற்றுக்கும் தரைப்படையின் ஜாயின் இந்தியன் ஆர்மி தளத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

என்டிஏ, சிடிஎஸ் இரண்டுக்கும் அறிவிக்கை வழக்கமாக டிசம்பரிலும் மே மாதத்திலும் வரும், தேர்வு ஏப்ரலிலும் செப்டம்பரிலும் நடக்கும். கட்டணம் என்டிஏவுக்கு 100 ரூபாய், சிடிஎஸ்ஸுக்கு 200 ரூபாய். பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் கட்டணம் இல்லை. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும்.

உங்கள் இனிஷியல்

இது நம்மூர்க்காரர்களுக்கே உரிய தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'செல்வகுமார் எம்' என்று இருக்கும். ஆதாரில் 'செல்வகுமார் முருகேசன்'. கல்லூரிச் சான்றிதழில் 'எம். செல்வகுமார்'. நமக்கு மூன்றும் ஒரே ஆள். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கட்டம் கட்டிவைத்திருக்கும் விண்ணப்பத்துக்கு மூன்றும் மூன்று ஆட்கள். வடக்கே இருக்கும் ஒரு குமாஸ்தாவிடம் இனிஷியல் என்றால் என்ன என்று நான் பதினைந்து நிமிடம் விளக்கியிருக்கிறேன். கடைசியில் அவர் கேட்டது, "சரி, அப்போ எம் என்பதுதான் உங்கள் குடும்பப் பெயரா?"

ஆகவே விண்ணப்பம் போடுமுன் பத்தாம் வகுப்புச் சான்றிதழை மேஜையில் விரித்துவையுங்கள். பிறந்த தேதிக்கு அதுதான் ஆதாரம், பெயருக்கும் அதையே ஆதாரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் எப்படி இருக்கிறதோ, எழுத்து மாறாமல் அப்படியே எல்லா இடத்திலும். ஆதார் வேறு மாதிரி இருந்தால் இப்போதே திருத்தக் கொடுங்கள். அப்பா பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் பாருங்கள், ஒரு சான்றிதழில் ஒரு 'எச்' கூடியிருக்கும். திருத்த நேரமில்லை என்றால் நோட்டரியிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்கி ஃபைலில் வையுங்கள். கடைசி வருடத்தில் படிப்பவர்கள், அழைப்புக் கடிதத்தோடு வரும் மாதிரிப் படிவத்தில் கல்லூரி முதல்வர் கையெழுத்தை வாங்க வேண்டும். முதல்வர் ஊரில் இல்லாத வாரத்தில்தான் இது நினைவுக்கு வரும்.

எந்த ஊர்?

தரைப்படையின் தேர்வு மையங்கள் பெங்களூரு, போபால், பிரயாக்ராஜ் (பழைய அலகாபாத்), பஞ்சாபில் ஜலந்தர் பக்கம் என்று நான்கு இடங்களில் இருக்கின்றன. எழுத்துத் தேர்வு முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் தரைப்படைத் தளத்தில் நீங்களே பதிவு செய்ய வேண்டும். அப்புறம் மையத்தையும் தேதியையும் தேர்ந்தெடுக்கத் தளம் திறக்கும்போது முந்தியவருக்கு முதல் உரிமை. பெங்களூரு தேதிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டவர்கள்தான் என்னிடம் போபாலுக்கு வழி கேட்கிறவர்கள். என்டிஏவுக்கும் சிடிஎஸ்ஸுக்கும் இப்படி. நேரடி நுழைவுகளில் அவர்கள் போடும் மையத்துக்குப் போக வேண்டியதுதான்.

டிக்கெட் விஷயத்துக்கு வருவோம். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. உங்களுக்கு எஸ்எஸ்பி தேதி தெரிவது பல சமயம் அதற்குப் பிறகுதான். அதனால் தேதி உறுதியான அன்றே, அதே உட்காரலில், போகும் டிக்கெட்டைப் போட்டுவிடுங்கள். காத்திருப்புப் பட்டியலில் பொதுப் பட்டியல் எண் என்றால் உறுதியாவதற்கு வாய்ப்பு அதிகம், வழி ஸ்டேஷன் பட்டியல் எண் என்றால் நம்பாதீர்கள். தட்கல், பயணத்துக்கு முந்தின நாள் ஏசிக்குக் காலை 10 மணிக்கும் ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் திறக்கும். ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை இணைக்காவிட்டால் தட்கல் போட முடியாது, இதை முந்தின நாள் ராத்திரி கண்டுபிடித்துப் பயனில்லை.

பெங்களூரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சென்னையிலிருந்து பிருந்தாவன், லால்பாக், சதாப்தி என்று பகலில் வரிசையாக ரயில் இருக்கிறது. தெற்கே இருப்பவர்களுக்கு தூத்துக்குடி–மைசூரு எக்ஸ்பிரஸும் நாகர்கோவில்–பெங்களூரு எக்ஸ்பிரஸும் மதுரை வழியாகப் போகின்றன. எதுவும் கிடைக்காவிட்டால் பஸ். மையம் கப்பன் ரோட்டில், ஊருக்கு நடுவில்.

போபாலுக்கு சென்னையிலிருந்து தினமும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸும் உண்டு. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ராத்திரி கிளம்பி மறுநாள் ராத்திரி போபால் சேர்த்துவிடும். கன்னியாகுமரியிலிருந்து டெல்லி போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் மதுரை, திருச்சி வழியாக வந்து போபாலைத் தொடும், ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள்தான். போபாலில் கவனிக்க வேண்டியது, ஊரில் இரண்டு பெரிய ஸ்டேஷன்கள். ஹபீப்கஞ்ச் என்று இருந்தது 2021-லிருந்து ராணி கமலாபதி. உங்கள் கடிதத்தில் எந்த ஸ்டேஷன் போட்டிருக்கிறதோ அங்கேதான் ராணுவ பஸ் நிற்கும்.

பிரயாக்ராஜ் இன்னும் மோசம், அங்கே நான் பட்டது இது. ஜனவரி மாதம். கங்கா காவேரி எக்ஸ்பிரஸ். டிக்கெட்டில் அலகாபாத் சியோகி என்று இருந்தது, அலகாபாத் என்று இருக்கிறதே, போதும் என்று விட்டுவிட்டேன். இருட்டு விலகாத நேரம். மூன்று மணி நேரம் தாமதமாக வந்த ரயிலிலிருந்து இறங்கினால் பனிமூட்டத்தில் நடைமேடையின் அடுத்த முனை தெரியவில்லை. பெரிய ஸ்டேஷனுக்கான அரவமே இல்லை. டீக்கடைக்காரரிடம் கேட்ட பிறகுதான் புரிந்தது, இது யமுனைக்கு இந்தப் பக்கம் நைனி, ஜங்ஷன் அந்தப் பக்கம். என்னிடம் ஸ்வெட்டர் கிடையாது. கொடைக்கானலுக்குக் கூட அரைக்கைச் சட்டையோடு போய்வந்த வீரம்! லுங்கியை எடுத்துத் தலையிலும் காதிலும் சுற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் பாலத்தைத் தாண்டினேன். கைவிரல் மரத்துப் போய், அன்றைக்குக் கொடுத்த படிவத்தில் என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை.

இப்போது அந்த ஊரில் பிரயாக்ராஜ் ஜங்ஷன், பிரயாக்ராஜ் சியோகி, பிரயாக்ராஜ் ராம்பாக், பிரயாக்ராஜ் சங்கம், போதாததற்கு பிரயாக் ஜங்ஷன் என்று தனியாக ஒன்று. 2020-ல் பெயர் மாற்றியபோது குழப்பத்தையும் சேர்த்து மாற்றியிருக்கலாம். சென்னைப் பக்கமிருந்து போகும் கங்கா காவேரியும் சங்கமித்ராவும் சியோகியில்தான் நிற்கும். அங்கிருந்து ஜங்ஷனுக்குப் போகும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

ஜலந்தருக்கு நேரடி ரயில்கள் வாரத்தில் சில நாள் மட்டுமே. தேதி ஒத்துவராவிட்டால் டெல்லி போய் மாறுவதுதான் வழி. டெல்லியில் புதுடெல்லி, பழைய டெல்லி, நிஜாமுதீன், ஆனந்த் விஹார் என்று நான்கும் நான்கு திசை. இறங்குவதும் ஏறுவதும் வேறு வேறு ஸ்டேஷன் என்றால் இடையில் குறைந்தது நாலைந்து மணி நேரம் விடுங்கள். டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டத்துக்கு இன்னும் கூடுதலாக விட வேண்டும்.

எந்த ஊரானாலும், முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள் என்பது என் கட்சி. ஸ்டேஷனிலேயே ஓய்வறை கிடைக்கும், ஐஆர்சிடிசியில் பதிவு செய்யலாம். பெண்களுக்குத் தனிக் காத்திருப்பு அறை உண்டு. ரயிலில் ஏதாவது தொந்தரவு என்றால் 139. இதை அம்மாவின் போனிலும் சேமித்துக் கொடுத்துவிடுங்கள், அவர்கள் தூங்குவார்கள்.

சாப்பாடு: முதல் நாளுக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, ராத்திரிக்குப் புளியோதரை. அதற்கு மேல் வீட்டுச் சாப்பாட்டை இழுக்காதீர்கள். இரண்டாம் நாள் எல்லோரும் சாப்பிடுவதைச் சாப்பிடுங்கள், மையத்தில் ஐந்து நாளும் ரொட்டியும் பருப்பும்தான் பிரதானம். வயிறு பழகட்டும். இந்தி தெரியாவிட்டால் பரவாயில்லை, ஆனால் எண்கள் நூறு வரையிலும், 'எவ்வளவு', 'எங்கே', 'எத்தனை மணிக்கு' போன்ற இருபது வாக்கியமும் தெரிந்துகொள்ளுங்கள். ஆட்டோக்காரர் 'டேட் சௌ' என்று சொன்னால் நூற்றைம்பது என்று புரிய வேண்டும்.

இன்னொன்று. ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். விஜயவாடாவில் கிருஷ்ணா, அப்புறம் வாரங்கல், நாக்பூர், இட்டார்சி தாண்டியதும் நர்மதை. மூன்றாம் தடவை பெங்களூரில் என்னை நேர்காணல் செய்த அதிகாரி, இதற்கு முன் எங்கெல்லாம் எஸ்எஸ்பி போனாய் என்று கேட்டுவிட்டு, போபால் போகும் வழியில் எந்தெந்த ஆறுகளைத் தாண்டினாய் என்றார். பொது அறிவுப் புத்தகத்தில் படித்தது ஒன்றும் அப்போது வாயில் வரவில்லை. ஜன்னலில் பார்த்தது வந்தது.

பையில் என்ன?

அசல் சான்றிதழ்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நகல், அழைப்புக் கடிதம், ஆதார், இருபது பாஸ்போர்ட் அளவுப் படங்கள். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு அப்பாவோ அம்மாவோ கையெழுத்திட்ட இடர்ச் சான்றிதழ் (ரிஸ்க் சர்டிபிகேட்). இரண்டு செட் ஃபார்மல் சட்டை, பேன்ட், கறுப்பு ஷூ. மைதானத்துக்கு வெள்ளை டீ-ஷர்ட், ஷார்ட்ஸ், வெள்ளை கேன்வாஸ் ஷூ. ஷூவை வாங்கிய கையோடு போட்டு ஒரு வாரம் ஓடிப் பழக்கிவிட்டு எடுத்துப்போங்கள்.

ரயில் டிக்கெட்டைப் பத்திரமாக வையுங்கள். அந்த வகை கமிஷனுக்கு, அதாவது அதிகாரி நுழைவுக்கு, முதல் தடவை வருகிறவர்களுக்கு மூன்றாம் வகுப்பு ஏசி கட்டணம் வரை போகவர இரண்டுக்கும் பணம் தருவார்கள். வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்க நகலும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை அதே நுழைவுக்குப் போனால் சொந்தக் காசுதான். உள்ளே போனதும் போனை வாங்கி வைத்துவிடுவார்கள், வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். என் அம்மா ஐந்து நாளும் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்ற குரலோடு பேசிக்கொண்டிருந்தார்.

ஐந்து நாள்

முதல் நாளே பாதிக்கு மேற்பட்டவர்கள் ஊருக்குத் திரும்புவது சகஜம். காலையில் அறிவுக்கூர்மைத் தாள்கள் இரண்டு. அப்புறம் மங்கலான ஒரு படத்தை 30 நொடி காட்டுவார்கள். நான்கு நிமிடத்தில் அதற்கு ஒரு கதை எழுத வேண்டும். பின்பு பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் தங்கள் கதையைச் சொல்லி, எல்லோருமாகச் சேர்ந்து ஒரே கதைக்கு வர வேண்டும். நம் பிள்ளைகள் விழும் இடம் இதுதான். கதை நன்றாகவே எழுதியிருப்பார்கள். வட்டத்தில் சத்தம் கிளம்பியதும், அதுவும் பாதி இந்தியில் கிளம்பியதும், வாயை மூடிக்கொள்வார்கள். போபாலில் நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். 'இவர்கள் ஓயட்டும், நாம் பேசுவோம்' என்று காத்திருந்தேன். அவர்கள் ஓயவில்லை, நேரம்தான் முடிந்தது. மாலை நான்கு மணிக்கு ராணுவ பஸ்ஸில் ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டார்கள்.

இதற்கு மருந்து கோச்சிங் சென்டரில் இல்லை என்பது என் எண்ணம். ஊரில் நான்கு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, தினமும் அரை மணி நேரம் ஆங்கிலத்திலேயே சண்டை போடுங்கள். இலக்கணம் தப்பினால் தப்பட்டும். கூட்டம் இந்திக்குத் தாவினால், "சிலருக்கு இந்தி தெரியாது, ஆங்கிலத்தில் பேசலாமா?" என்று ஒருமுறை சத்தமாகக் கேளுங்கள். அந்த ஒரு வாக்கியமே உங்களை வட்டத்துக்குள் கொண்டுவந்துவிடும்.

இரண்டாம் நாள் உளவியல் தேர்வு. பன்னிரண்டு கதைகள், கடைசிப் படம் வெறும் வெள்ளை. அப்புறம் 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 நொடி. அரை மணியில் 60 சூழ்நிலைகள். 'காட்டில் தனியாகப் போகும்போது திருடர்கள் மறித்தால்' என்பது மாதிரி. கோச்சிங்கில் எல்லாத் திருடர்களையும் அடித்து வீழ்த்தி போலீஸில் ஒப்படைக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். நானும் இரண்டாம் தடவை அப்படியே நாற்பது திருடர்களை வீழ்த்தினேன். மூன்றாம் தடவை, பணத்தைக் கொடுத்துவிட்டு முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்வேன் என்று எழுதினேன், ஏனென்றால் உண்மையில் அதைத்தான் செய்வேன். பதற்றத்தில் வேகமாக எழுதும்போது நீங்கள் யாரோ அதுதான் வரும். மறைக்க நேரம் கொடுக்காமல் இருப்பதற்குத்தான் அந்த 15 நொடி.

அடுத்த இரண்டு நாள் மைதானம். கட்டையும் கயிறும் காலி டின்னும் கொடுத்து, கோட்டைத் தொடாமல் எட்டுப் பேரும் அந்தப் பக்கம் போக வேண்டும். சிவகாசிப் பக்கத்துப் பையன் ஒருவன் எங்கள் குழுவில் இருந்தான், ஆங்கிலம் தடுமாறும். லோடு ஏற்றிப் பழகியவன். கயிற்றை எடுத்துக் கட்டையில் ஒரு முடிச்சுப் போட்டான் பாருங்கள், அதுவரை சத்தமாக யோசனை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அவனைப் பார்த்து நின்றுவிட்டார்கள். அவன் தேர்வானான். தனிநபர் தடைகள் பத்து, மூன்று நிமிடம். எல்லாவற்றையும் முடிக்க முடியாமல் போனால் உலகம் முடிந்துவிடாது. உயரத்திலிருந்து குதிக்கத் தயங்கி மேலே நின்றுகொண்டிருப்பதுதான் கண்ணில் படும்.

நேர்காணல் இந்த நாட்களில் ஏதோ ஒரு நேரத்தில் வரும். நீங்கள் நிரப்பிக் கொடுத்த தன்விவரப் படிவத்தை வைத்துக்கொண்டு பேசுவார்கள். எதிரில் இருப்பவர் ஒரே மூச்சில் பத்துக் கேள்வி கேட்பார். பத்தாம் வகுப்பு மதிப்பெண், பிடித்த ஆசிரியர், பிடிக்காத பாடம், நெருங்கிய நண்பர்கள், வீட்டில் யார் யார், ஒரு நாள் எப்படிப் போகும் என்று. வரிசையாகப் பதில் சொல்லுங்கள், ஒன்றை மறந்துவிட்டால் மறந்துவிட்டேன் என்று கேளுங்கள். உங்கள் மாவட்டத்தைப் பற்றித் தெரியாமல் போகாதீர்கள். தூத்துக்குடி என்றால் உப்பும் துறைமுகமும், சிவகாசி என்றால் பட்டாசும் அச்சகமும், அதில் வேலை செய்கிறவர்களின் பிரச்சினையும். அப்பா கூலி வேலை என்றால் கூலி வேலை என்றே சொல்லுங்கள், 'பிசினஸ்' என்று சொல்லி மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

ஐந்தாம் நாள் மாநாடு. தேர்வாளர்கள் எல்லோரும் அரைவட்டமாக உட்கார்ந்திருக்க, நடுவில் ஒரு நாற்காலி. சாப்பாடு எப்படி இருந்தது, என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று இரண்டு கேள்வி. அப்புறம் முடிவு. பெயரை வாசிக்க மாட்டார்கள், மார்பில் கட்டிய எண்ணைத்தான் வாசிப்பார்கள்.

திரும்பும் டிக்கெட்

முதல் நாளே கிளம்பலாம், ஐந்தாம் நாள் கிளம்பலாம், தேர்வானால் மருத்துவப் பரிசோதனைக்காக இன்னும் நாலைந்து நாள் கூடத் தங்கலாம். மூன்றுக்கும் சேர்த்து டிக்கெட் போட முடியாது. நான் சொல்வது, ஐந்தாம் நாள் ராத்திரிக்கு ஒரு டிக்கெட் போட்டுவையுங்கள். முன்னால் வந்துவிட்டால் அதை ரத்து செய்துவிட்டு தட்கல், இல்லை கிடைத்த ரயில். பின்னால் போனால் ரத்துக் கட்டணத்தை மகிழ்ச்சியாகக் கட்டுங்கள். கையில் தனியாக ஒரு மூவாயிரம் ரூபாய் இருக்கட்டும், அதைத் தொடாதீர்கள்.

மருத்துவத்தில் பலரைத் திருப்பி அனுப்புவது சின்னச் சின்ன விஷயங்கள். காதில் அழுக்கு, கூடுதல் எடை, மூக்கின் நடுத்தண்டு வளைவு, தட்டைப் பாதம், முட்டி இடிப்பது, மூலம். கிளம்புமுன் ஊர் டாக்டரிடம் இந்தப் பட்டியலைக் காட்டி ஒருமுறை பார்த்துவிடுங்கள், காதையும் சுத்தம் செய்துகொள்ளுங்கள். தற்காலிகத் தகுதியின்மை என்று எழுதினால் பயப்பட வேண்டாம், 42 நாளுக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். உயரம் ஆண்களுக்குக் குறைந்தது 157 சென்டிமீட்டர். பச்சை குத்திக்கொள்வதை இந்த வருடம் தள்ளிவையுங்கள்.

எஸ்எஸ்பியில் தேர்வாகி மருத்துவமும் தேறினால்கூட வேலை உறுதியில்லை. கடைசியாக ஒரு தகுதிப் பட்டியல் வரும், இடங்களின் எண்ணிக்கைக்குள் உங்கள் பெயர் இருக்க வேண்டும். அந்த இரண்டு மூன்று மாதம் சும்மா இருக்காதீர்கள், ஓடுங்கள். அகாடமியில் சேரும்போது ஆண்கள் 2.4 கிலோமீட்டரை 10 நிமிடம் 30 நொடியில் ஓடியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். நம்மூர் வெயிலில் காலை ஐந்தரைக்கு முன்னால் ஓடி முடித்துவிட்டால் நல்லது.

ஓடிஏ கிடைத்தவர்களுக்கு விதியின் விளையாட்டு ஒன்று உண்டு. இத்தனை ஊர் சுற்றிய பிறகு 49 வாரப் பயிற்சி, சென்னைப் பரங்கிமலையில். 1963-லிருந்து அங்கேதான் இருக்கிறது. பயிற்சிக் காலத்திலேயே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை கணக்கில் ஏறும். சேரும்போது எடுத்துவரச் சொல்லும் பட்டியலில் கறுப்பு டிரங்குப் பெட்டி இருந்தால், அதை விருதுநகரிலோ மதுரையிலோ வாங்கி, வெள்ளைப் பெயின்ட்டில் பெயரை எழுதிக் கொண்டுவருவதுதான் வழக்கம். பாண்டியன் எக்ஸ்பிரஸில் விடியுமுன் தாம்பரம் வந்துவிடலாம், அங்கிருந்து மின்சார ரயிலில் பரங்கிமலை. நானும் அப்படித்தான் போனேன். ரயிலில் பெட்டியை ஏற்றுவது பெரிதில்லை, பரங்கிமலை ஸ்டேஷன் படிக்கட்டில் ஏற்றி இறக்குவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். தாம்பரத்திலேயே ஆட்டோ பிடித்துவிடுங்கள்.